கூட்டத்தில் நிற்பவள்

பழைய படங்களைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. ஐம்பதை நெருங்கிய ஆள் கல்லூரி மாணவனாக வந்து, இரண்டு புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடப்பார். அவருக்கு அம்மாவாக நடிப்பவர் அவரைவிட இளையவராக இருப்பார். பணக்காரர் வீட்டு மாடிப்படி எப்போதும் வளைந்தே இருக்கும். அதிலிருந்து யாராவது ஒருவர் உருண்டு விழுந்தே தீருவார். வசனம் முடிந்த பிறகும் கேமரா முகத்தைவிட்டு நகராது. இதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னால் என் மனைவிக்குப் பிடிக்காது. "பிடிக்கலைன்னா எந்திரிச்சுப் போக வேண்டியதுதான? ஒங்கள யாரு உக்காரச் சொன்னா?" என்பாள். நான் எழுந்து போனதில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

எனக்குப் பிடித்தது ஒரு வெளிநாட்டு விண்வெளித் தொடர். கல்யாணமாகி விஸ்வநத்தத்தில் வாடகை வீட்டில் நாங்கள் குடியேறிய காலத்தில் அதைத் தமிழில் குரல் கொடுத்து வாரம் ஒருமுறை போட்டார்கள். அங்கேயே அது பழசாகிப் போன தொடர் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஒரு கப்பல், அதில் ஏழெட்டுப் பேர். வழி தவறி நட்சத்திரங்களுக்கு நடுவே போய்க்கொண்டே இருப்பார்கள். கப்பலின் சுவர் பெயிண்ட் அடித்த பலகை என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும். கதவு தானாகத் திறக்க வேண்டும். மறைவில் நின்று இழுக்கிறவன் கொஞ்சம் தாமதித்துவிட்டால், கேப்டன் மூக்கு இடிபடாமல் சமாளித்து நிற்பார். விளக்குகள் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு வீதியில் கட்டும் சீரியல் பல்புபோல மினுக்கும். ஆனாலும் அந்தக் கப்பல்மேல் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அதில் இருந்தவர்கள் பக்கம் பக்கமாகப் பேசி அழவில்லை. ஆபத்து வந்தால் ஒரு பொத்தானை அமுக்கினார்கள், அடுத்த வேலையைப் பார்த்தார்கள்.

நான் சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில், அச்சுத் தகடு தயாரிக்கும் பிளேட் செக்ஷனில் வேலை பார்க்கிறேன். மனைவி வீட்டிலிருந்தே பட்டாசுக்கான அட்டைப்பெட்டி ஒட்டுகிறாள். பசைக் கிண்ணம் மடிக்குப் பக்கத்தில் இருக்கும், கண் டிவியில் இருக்கும், கை தன்பாட்டுக்கு மடித்து ஒட்டிக்கொண்டே போகும். என் விண்வெளிக் கப்பலை அவள் அப்படித்தான் பார்த்தாள். அவளுக்கும் அபிப்பிராயங்கள் உண்டு.

"இம்புட்டுப் பேரு இருக்காக, ஒருத்தராவது சமைக்கிறாகளா பாருங்க. பாத்திரம் யாரு களுவுறா?"

இன்னொரு நாள், "இவுகளுக்கெல்லாம் அம்மா அப்பா இல்லையா? ஒருத்தரும் நெனச்சுக்கூடப் பாக்கலையே" என்றாள்.

ஒரு வாரம் அந்தக் கப்பலின் திரையில் தூரத்துக் கிரகம் ஒன்று தெரிந்தது. அதில் ஒரு கடற்கரை. கரையில் ஜனங்கள் நின்று கையை ஆட்டினார்கள். கப்பலில் இருந்தவர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போனார்கள், போனார்கள், போய் இறங்கினால் சாம்பலும் கல்லும்தான் கிடந்தன. வெளிச்சம் வந்து சேர அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது, நாம் பார்த்தது அந்தக் காலத்தில் கிளம்பிய வெளிச்சத்தை, அந்த ஜனங்கள் செத்து யுகம் ஆகிவிட்டது என்று கேப்டன் சொன்னார். பலகைச் சுவரும் சீரியல் பல்பும் மறந்துபோய் நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். மனைவியும் ஒட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

"அப்ப அவுக கைய ஆட்டுனது இவுகளுக்கு இல்லையா?"

"இல்ல. இவுக வருவாகன்னே அவுகளுக்குத் தெரியாதே."

"பொறவு யாருக்கு ஆட்டுனாக?"

அதைத் தொடரில் சொல்லவில்லை. எனக்கும் தெரியவில்லை. பார்த்ததிலேயே நல்ல கதை அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

என் மனைவிக்கு அவள் அம்மாவின் முகம் தெரியாது. அவள் நடை பழகுவதற்கு முன்பே அம்மா மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். கல்யாணத்துக்கு எடுத்த ஒரே படத்தைக் கரையான் தின்றுவிட்டது. வெறும் சட்டம் மட்டும் என் மாமனார் வீட்டுப் பரணில் கிடந்தது. மாமனார் மறுபடி கல்யாணம் செய்துகொண்டார். வந்தவள் நல்ல மனுஷி, இவளைத் தன் பிள்ளைபோலத்தான் வளர்த்தாள். அதனாலேயே அவள் காதுபட முதல் மனைவியைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. கேட்டால் அவள் மனம் நோகுமே என்று இவளும் கேட்காமலேயே வளர்ந்துவிட்டாள்.

கடைசிக் காலத்தில் மாமனார் எங்கள் வீட்டில் இருந்தார். நெஞ்சுச் சளி. நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கும். ஒரு மத்தியானம் அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்க, டிவியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. ரொம்பச் சுமாரான படம். ஜமீன் வீட்டுப் பெண், நினைவிழந்த கணவன், அவனுக்காக அவள் நேர்த்திக்கடன் செலுத்துகிறாள். தீச்சட்டி ஏந்திக்கொண்டு ஆற்று மணலில் கதாநாயகி நடக்கும் பாட்டு வந்தபோது மாமனார் திரும்பிப் படுத்தார்.

"இதுல ஒங்கம்மா இருக்கா" என்றார்.

மனைவியின் கையிலிருந்த அட்டை அப்படியே நின்றது. "என்னப்பா சொல்றீக?"

"இருக்கன்குடிக் கோயில்ல எடுத்தாக. ஆடிக் கடைசி வெள்ளி. அந்தக் கூட்டத்துல நின்னா."

"எங்கனப்பா? எந்தப் பக்கம்?"

அதற்குள் பாட்டு முடிந்து, வளைந்த மாடிப்படி வந்துவிட்டது. மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். "போயிட்டா" என்றார்.

அடுத்தடுத்த நாட்களில் இவள் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தாள். அவர் மழையைப் பற்றிப் பேசினார், இல்லாவிட்டால் அழுதார். அந்த மாதமே இறந்துபோனார்.

அந்தப் படம் மறுபடி டிவியில் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. இவள் திரைக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். ஆற்று மணல் வந்தது. காட்சி தொடங்கும்போது திரையின் வலது ஓரத்தில் ஓர் இளம்பெண் நிற்கிறாள். கட்டம் போட்ட சேலை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குகிறாள், பிறகு வெளியே, வலப்பக்கமாகத் திரும்பி, ஏதோ சிரித்துச் சொல்ல வாயைத் திறக்கிறாள். அதற்குள் கேமரா தீச்சட்டியின் பின்னால் இடப்பக்கம் போய்விடுகிறது. அவ்வளவுதான்.

"கண்டுபிடிச்சுட்டேன்" என்றாள் மனைவி. "அந்த நெத்தியப் பாத்தீகளா?"

பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. அந்த அகலமான நெற்றி, நெற்றியை ஒட்டி ஏறிப் போகிற முடி, எல்லாம் இவளுடையது. என் மகளுக்கும் அதே நெற்றிதான்.

அதன்பிறகு வருஷத்துக்கு ஒருமுறை, சில சமயம் இரண்டுமுறை அந்தப் படம் வந்தது. எந்தச் சேனலில் எப்போது என்று தெருவே கவனித்துச் சொல்லும். "ஒங்கம்மா படம் இன்னைக்குப் போடுதான்" என்று யாராவது வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவார்கள். அன்றைக்கு இவள் பசை வாசனை போகக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவாள். முகம் கழுவி, தலை சீவி, பொட்டு வைத்துக்கொள்வாள். படம் ஓடும்போது வாசல் கதவைச் சாத்த விடமாட்டாள். நான் ஒருமுறை ஏன் என்று கேட்டதற்கு, காற்று வரட்டும் என்றாள். யாரோ வரக் காத்திருப்பதுபோல இருந்த அவள் முகத்தைப் பார்த்த பிறகு நான் மறுபடி கேட்கவில்லை.

ஆரம்பத்தில் அந்தப் பெண்ணுக்கும் இவளுக்கும் அக்கா தங்கைபோல வயது இருந்தது. இவளுக்குக் காதோரம் நரைத்தது. மகள் வளர்ந்தாள், கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனாள். திரையின் ஓரத்தில் நிற்கிறவளுக்கு ஒரு நாள்கூட வயது ஏறவில்லை. "என் மகளவிடச் சின்னவளாப் போயிட்டாளே எங்கம்மா" என்று ஒருநாள் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

இன்னொரு நாள் படம் முடிந்ததும், "இன்னைக்கு என்னையப் பாத்தா" என்றாள்.

"அதே படந்தான ஓடுது. எப்பவும் மாதிரித்தான வந்தா."

"இல்ல. இன்னைக்குத் திரும்பறதுக்கு முன்னால ஒரு பார்வை பாத்தா."

நான் பேய்ப் படங்களுக்குப் பயப்படுகிறவன் இல்லை. வெள்ளைச் சேலை, சலங்கைச் சத்தம், தானாக ஆடும் ஊஞ்சல் எல்லாம் எனக்குச் சிரிப்பைத்தான் வரவழைக்கும். ஆனால் அன்றிலிருந்து டிவி அணைந்திருக்கும்போது அதன் வலது ஓரத்தைப் பார்க்காமல் போகப் பழகிக்கொண்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகள் பெரிய டிவி ஒன்று வாங்கி அனுப்பினாள். நெட்டில் இருக்கிற எதையும் அதில் பார்க்கலாம். என் விண்வெளித் தொடர் முழுசாக இருந்தது. அந்தச் சுமாரான படத்தையும் யாரோ ஏற்றிவைத்திருந்தார்கள். மகள் போனில் சொல்லச் சொல்ல, மனைவி ரிமோட்டைப் பிடித்து, ஆற்று மணல் காட்சிக்குப் போய், அந்தப் பெண் வந்ததும் நிறுத்தினாள். அவள் ஆயுசில் முதல் தடவையாக அம்மா போகாமல் நின்றாள்.

ஆனால் நின்றது அம்மா இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறை. வாய் இருந்த இடம் தெரியவே இல்லை. மனைவி பதறிப்போய் ஓடவிட்டாள். உடனே அந்தப் பெண் வந்துவிட்டாள், கண்ணைச் சுருக்கினாள், திரும்பினாள், போய்விட்டாள். மறுபடி நிறுத்தினால் மறுபடி கறை.

"ஓடுனாத்தான் இருக்கா. நிப்பாட்டுனா இல்ல" என்றாள்.

பழைய பிரதி, தேய்ந்த பிரதி, அப்படித்தான் இருக்கும் என்று சொன்னேன். அச்சில்கூட முகம் என்பது கிட்டத்தில் பார்த்தால் வெறும் புள்ளிதான் என்று என் தொழிலை வைத்து விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டாள். ஆனால் அன்றிலிருந்து வீட்டில் வேறு எதுவும் ஓடவில்லை. நான் வேலைக்குக் கிளம்பும்போது அந்தப் பாட்டு. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தால் அந்தப் பாட்டு. சீசன் நேரத்தில் அட்டைப்பெட்டி ஒட்டாமல் கிடந்தது. லோடு ஏற்ற வந்த ஆள் திட்டிவிட்டுப் போனான். சரியாகச் சாப்பிடவில்லை. கன்னம் ஒட்டிப்போனது. நான் பேசினால் பதில் வரும், ஆனால் கண் திரையின் ஓரத்திலேயே இருக்கும். என் வீட்டில் என்னைத் தவிர இரண்டு பெண்கள் இருப்பதுபோலவும், அவர்களுக்குள் என்னவோ பேச்சு நடப்பதுபோலவும் எனக்குத் தோன்ற ஆரம்பித்தது.

இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்றுதான் அந்தக் காட்சியை என் போனில் எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனேன். முகத்தைக் காகிதத்தில் கொண்டுவந்து சட்டம் போட்டு மாட்டிவிட்டால், இவள் டிவியை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். எங்கள் கம்ப்யூட்டர் செக்ஷனில் காலண்டர் டிசைன் பண்ணுகிற ஒரு பெண்மணி இருக்கிறார். விஷயத்தைக் கேட்டதும், "அண்ணே, இப்பத்தான் ஏஐ வந்துருச்சுல்ல. அதுல போட்டா முகத்தத் தெளிவாக்கிரும். குடுங்க" என்றார்.

கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு பெண் வந்தாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். இமை முடி தனித்தனியாகத் தெரிந்தது. கண்ணில் ஈரம் பளபளத்தது. நெற்றி அதே அகலத்தில் இருந்தது. ஆர்ட் பேப்பரில் போட்டு, சுருட்டி, பைக்கில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் எனக்குப் பெருமை.

மனைவி அதை மடியில் விரித்து வைத்துப் பார்த்தாள்.

"யாரு இது?"

"என்ன கேக்கிற? ஒங்கம்மா."

"இல்ல" என்றாள். "இவளுக்குக் கண்ணே கூசலையே. ஆடி வெயில்ல, ஆத்து மணல்ல நிக்கிறவளுக்கு எப்படிக் கூசாம இருக்கும்?"

அவள் சொன்ன பிறகுதான் நானும் பார்த்தேன். வெயிலே இல்லாத ஊரில் நிற்கிறவள் மாதிரி அந்தப் பெண் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் டிசைன் பண்ணும் பெண்மணியிடம் சொன்னேன். கண்ணைச் சுருக்கச் சொல்லி மறுபடி போட்டார். கண் சுருங்கிய ஒரு முகம் வந்தது, ஆனால் அது வேறொருத்தி. மூக்கு வேறு, தாடை வேறு. இன்னொரு தடவை போட்டபோது மூன்றாவது ஒருத்தி வந்தாள். ஒவ்வொன்றும் அழகான முகம், ஒவ்வொன்றும் தெளிவான முகம், ஒருத்திக்கும் இன்னொருத்திக்கும் சொந்தம் கிடையாது. "இதுல எது வேணும்ணே?" என்று அவர் கேட்டார். நான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டேன். என் விண்வெளித் தொடரில் இப்படி ஒரு மெஷின் வந்திருந்தால் ரசித்துப் பார்த்திருப்பேன்.

எல்லாவற்றையும் அச்சடித்துத்தான் கொண்டுபோனேன். ஒன்றாவது அவள் மனசுக்குப் பிடிக்காதா என்ற நப்பாசை. அவள் வரிசையாகத் தரையில் வைத்தாள். பிறந்தே இராத பெண்கள் எங்கள் வீட்டுத் தரையில் கிடந்து கூரையைப் பார்த்தார்கள். கிழித்துப் போடவும் எங்கள் இரண்டு பேருக்கும் கை வரவில்லை. மனைவி ஒவ்வொன்றாகக் குப்புறத் திருப்பி பீரோவுக்கு அடியில் தள்ளினாள். பிறகு சொன்னாள்:

"உசுரோட இருக்கிற ஆளக் கேக்காம, மெஷினப் போயிக் கேட்டமே."

அவள் சொன்னது அம்மாவின் தங்கையை. சித்தி இருப்பது எம். புதுப்பட்டியில்; பைக்கில் போனால் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் இரண்டு குடும்பத்துக்கும் போக்குவரத்து இல்லை. அக்கா செத்ததும் பிள்ளையைத் தாங்கள் வளர்க்கிறோம் என்று அம்மா வீட்டார் வந்து கேட்டிருக்கிறார்கள். மாமனார் தரமாட்டேன் என்று சொல்ல, அது பெரிய சண்டையாகி, இரண்டு குடும்பத்துக்கும் பேச்சு நின்றுபோனது. எங்கள் கல்யாணத்துக்குக்கூட அந்தப் பக்கம் யாரும் வரவில்லை. மாமனார் போன பிறகு, என்ன சொல்லிக்கொண்டு போய் நிற்பது என்கிற தயக்கத்திலேயே வருஷங்கள் ஓடிவிட்டன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். வீட்டைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தோம். வேப்ப மர நிழலில் ஓர் அம்மாள் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். நான் வண்டியை நிறுத்துவதற்குள் மனைவி இறங்கி அவர் முன்னால் போய் நின்றாள். யார் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். ஒரு கண்ணில் ஆபரேஷன் செய்திருந்தார்கள். அந்தக் கண்ணால் பார்க்கத் தலையைச் சாய்த்தார்.

"வந்துட்டியா" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "வாங்க மாப்ள. வெயில்ல நிக்காதீக, உள்ள வாங்க" என்றார்.

கட்டிக்கொண்டு அழுவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். பழைய படம் பார்த்த பழக்கம். அப்படி எதுவும் நடக்கவில்லை. அவர் தண்ணீர் கொடுத்தார். மகனும் மருமகளும் பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போயிருப்பதாகவும், சீசன் என்பதால் ஞாயிறும் வேலை என்றும் சொன்னார். மனைவியின் கையைப் பிடித்து உள்ளங்கையில் காய்ந்திருந்த பசையை நகத்தால் சுரண்டியபடியே, "பெட்டி ஒட்டுறியா?" என்று கேட்டார். எத்தனையோ காலம் பேசாதவர்கள் பெட்டி ஒட்டும் கூலியைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் பேசினார்கள்.

பிறகு மனைவி என்னைப் பார்த்தாள். நான் போனில் அந்தக் காட்சியை எடுத்து சித்தியின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன். பாட்டு ஆரம்பித்தது.

"இது எங்க ஊருப் பக்கம் எடுத்த படம்ல" என்றார் சித்தி. "போடுங்க, மறுபடி போடுங்க."

மறுபடி போட்டேன். அந்தப் பெண் கண்ணைச் சுருக்கினாள், திரும்பினாள்.

"ஏத்தா" என்றார் சித்தி. "இது நாந்தான்."

மனைவி போனிலிருந்து சித்தியின் முகத்துக்குக் கண்ணைத் திருப்பினாள். நான்தான், "நல்லாப் பாருங்க சித்தி. இது இவ அம்மா இல்லையா?" என்றேன்.

"எம் மூஞ்சி எனக்குத் தெரியாதா மாப்ள? கல்யாணம் ஆகாத காலம். இந்தச் சேலை அக்காவுது. திருவிளாவுக்குன்னு எனக்குக் கட்டக் குடுத்தா. அக்கா இங்கன நின்னா." அவர் விரல் படத்தைத் தாண்டி, போனின் விளிம்பைத் தாண்டி, போனைப் பிடித்திருந்த என் கட்டைவிரலில் வந்து நின்றது. "இந்தப் பக்கம். எனக்கு ஒட்டுனாப்புல."

"கேமராவுல விளலையா?" என்றாள் மனைவி. அவள் குரல் எங்கேயோ இருந்து வந்தது.

"அவ எங்க விள? கூச்சம். பின்னாலயே நின்னா. மறுபடி போடுங்க மாப்ள. இந்தா, இந்தா பாரு. கை."

அப்போதுதான் பார்த்தோம். இத்தனை வருஷமாக முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் எங்கள் கண்ணில் படாத ஒன்று. கட்டம் போட்ட சேலைக்காரி வலப்பக்கம் திரும்புகிற நேரம், திரையின் விளிம்பிலிருந்து ஒரு கை நீள்கிறது. வளையல் போட்ட கை. அவள் தோளில் நழுவியிருந்த சேலையைப் பிடித்து மேலே இழுத்துவிடுகிறது. கேமரா நகர்ந்துவிடுகிறது.

"'மாராப்பச் சரியாப் போடுடி, படம் எடுக்கான்'னா. அதுக்குத்தான் நான் திரும்பிச் சிரிக்கேன். அவ சொன்னது எதுவும் இதுல கேக்காது. பாட்டப் போட்டு மூடிட்டாக."

மனைவி போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். அந்தக் கை நீண்டது, இழுத்துவிட்டது, போனது. மறுபடி நீண்டது.

"ஒரு கைதான வருது. இன்னொரு கை?"

சித்தி அவளைப் பார்த்தார். "இன்னொரு கையில நீ இருந்த. இடுப்புல. அந்தக் கொட்டுச் சத்தத்துக்கு அம்புட்டு அளுகை. நீயும் அங்கனதான் இருந்த, படத்துக்கு வெளியில."

அதற்குப் பிறகுதான் மனைவி அழுதாள். சத்தமில்லாமல், குனிந்து, கீரைத் தட்டைப் பார்த்துக்கொண்டு அழுதாள். சித்தி அவள் முதுகில் கையை வைத்தார். நான் வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்றேன். ஆடிக் கூட்டத்தில் திரைக்கு ஒரு முழம் வெளியே நின்று அழுத அந்தக் கைக்குழந்தையை நான் கல்யாணம் செய்து, அவளோடு வாழ்ந்து, அவள் தலை நரைப்பதையும் பார்த்திருக்கிறேன். இத்தனை வருஷமும் அந்தக் காட்சி ஓடியபோதெல்லாம் அவள் இரண்டு இடத்திலும் இருந்திருக்கிறாள்.

என் மனசில் ஒரு சந்தேகம் உண்டு. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கை கண் இமைக்கும் நேரம்தான் வருகிறது. திருவிழாக் கூட்டத்தில் யார் கையும் யார் தோளிலும் படும். சித்திக்கு ஒரு கண்ணில்தான் பார்வை. அக்காவை இத்தனை வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தவர் அவரும்தான். தேடுகிறவர்களுக்குக் கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்த ஏஐ மெஷின் கொடுத்த தெளிவான முகங்களை எல்லாம்விட, மங்கலான அந்த ஒரு கையை நான் நம்புகிறேன். நம்பத்தான் வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன்.

மனைவி மெல்ல மெல்லச் சரியானாள். அந்தப் பாட்டு வீட்டில் ஓடுவது குறைந்தது. செவ்வாய்க்கிழமை தவறாமல் பஸ் ஏறிப் புதுப்பட்டி போகிறாள். அம்மா எப்படி நடப்பாள், எதற்குக் கோபப்படுவாள், குழம்பில் புளி கூடவா குறையவா என்றெல்லாம் கேட்டுக்கொண்டு வந்து என்னிடம் சொல்கிறாள். பீரோவுக்கு அடியில் இருந்த படங்களை ஒருநாள் எடுத்துப் பார்த்தேன். பெட்டிக்கு உள்ளே வைக்கிற அட்டையாக அவற்றை வெட்டிவிட்டிருந்தாள். பாதி மிச்சமிருந்தது. ஒரு துண்டில் ஒரு கண் மட்டும் இருந்தது.

கெட்டுப்போனது நான்தான். இப்போது எந்தப் பழைய படத்தையும் என்னால் படமாகப் பார்க்க முடிவதில்லை. கதாநாயகன் ரயிலில் இருந்து கையசைத்தால், நான் பிளாட்பாரத்தில் மூட்டையோடு நிற்கிற கிழவரைப் பார்க்கிறேன். கோர்ட் காட்சியில் பின் பெஞ்சில் உட்கார்ந்து கேமராவைத் திருட்டுத்தனமாகப் பார்க்கும் ஆளைப் பார்க்கிறேன். இவர் யார் வீட்டு அப்பாவோ, எந்த ஊரில் யார் இவரைத் தேடிக்கொண்டிருக்கிறார்களோ என்று தோன்றும்போது கதை விட்டுப்போகிறது. சலூனில், ஓட்டலில், பஸ்ஸில், எங்கே பழைய படம் ஓடினாலும் கண் ஓரத்துக்குத்தான் போகிறது.

போன மாதம் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் ஏதோ ஒரு பழைய படம் பார்த்துக்கொண்டிருந்தோம். பழைய படங்கள் எனக்கு ஆகாததைவிடச் சித்திக்கு ஆகாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "இவன் என்ன, சாகப் போறேன் சாகப் போறேன்னு இம்புட்டு நேரம் பேசுதான். செத்துத் தொலைய வேண்டியதுதான" என்றார். மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அப்போது தூரத்தில், பட்டாசுக் கம்பெனி வெடித்தால் வருகிற அந்தச் சத்தம் கேட்டது. ஜன்னல் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. எங்கள் ஊரில் அந்தச் சத்தத்துக்கு யாரும் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. எழுந்து வெளியே போவோம். தெருவில் எல்லா வீட்டிலிருந்தும் ஆட்கள் வந்து, எந்தத் திசையில் புகை என்று அண்ணாந்து பார்த்து நின்றார்கள். சித்தி மகனுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்து, கடைசியில் எடுத்தான். "என்னம்மா, வேலையில இருக்கேன்" என்று அவன் சலித்துக்கொண்டது எங்கள் காதிலும் விழுந்தது. சித்தி போனை மடியில் செருகிக்கொண்டார்.

வானம் சும்மா இருந்தது. "கல்லு ஒடைக்கிற வெடியா இருக்கும்" என்று யாரோ சொன்னார்கள். இருந்தாலும் யாரும் உடனே உள்ளே போகவில்லை. மனைவி சித்தியின் தோளில் சரிந்திருந்த சேலையை எடுத்துவிட்டாள். எங்கள் வீட்டுக்குள், ஆளில்லாத அறையில், அந்தக் கதாநாயகன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான்.